வட்ட ஊசியில் தையலே இல்லாத குல்லா: ஊசி நீளம் தேர்வதிலிருந்து உச்சி மூடுவது வரை

வட்ட ஊசியில், அதாவது இரண்டு கூர்முனைகளை வளையும் கேபிள் ஒன்று இணைக்கும் பின்னல் ஊசியில், பின்னத் தொடங்குபவர்களுக்கு வரும் தொல்லைகளில் பெரும்பாலானவை கடையிலேயே தொடங்கிவிடுகின்றன. நூலுக்கு ஏற்ற தடிமனைப் பார்த்து ஊசி வாங்குவார்கள், நீளத்தைக் கேட்க மாட்டார்கள். கைக்குக் கிடைத்த 80 செ.மீ. ஊசியோடு வீடு வந்து, குல்லாவுக்கு நூற்றுச் சொச்சம் கண்ணி (ஊசிமேல் நிற்கும் நூல் வளையம்) ஏற்றிப் பார்த்தால் இரண்டு முனைகளும் ஒன்றையொன்று தொடாது. இழுத்துப் பிடித்துப் பின்னினால் கண்ணிகள் கிழிவதுபோல் விரியும். வட்ட ஊசி நமக்கு ஒத்துவராது என்று ஒதுக்கி வைத்துவிடுவார்கள். அதே கைகளில் 40 செ.மீ. ஊசியைக் கொடுத்தால் ஒரு வாரத்தில் குல்லா முடிந்துவிடும்.

பெரியவர்களுக்கான ஒரு குல்லாவை அடியிலிருந்து உச்சிவரை, ஓரிடத்திலும் தையல் இல்லாமல் பின்னுவதை இங்கே பார்க்கலாம். நிட், பர்ல் என்ற இரண்டு அடிப்படைப் பின்னல்களும் நேர் ஊசியில் தெரிந்திருந்தால் போதும். கண்ணி ஏற்றுவது, வட்டமாக இணைப்பது, சுற்றிச் சுற்றிப் பின்னுவது, கண்ணி குறையும்போது மேஜிக் லூப்புக்கு (நீள ஊசியின் கேபிளை வளையமாக வெளியே இழுத்துவிட்டுச் சின்ன வட்டம் பின்னும் முறைக்கு) மாறுவது என்று வட்ட ஊசியின் எல்லா வேலையும் இந்தச் சின்னப் பொருளுக்குள் வந்துவிடும். கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பொருள் கிடையாது.

ஊசி உறையில் இரண்டு எண்கள்

ஒரு எண் தடிமன், மி.மீ. கணக்கில். மற்றது நீளம். நீளம் என்பது ஒரு கூர்முனையிலிருந்து மறு கூர்முனை வரை, நடுவில் உள்ள கேபிளையும் சேர்த்து அளந்தது. 40, 60, 80, 100, 120 செ.மீ. ஆகியவை வழக்கமாகக் கிடைக்கும்.

தடிமனை எப்போதும் மி.மீ. சொல்லியே கேளுங்கள். நம்பர் சொல்லிக் கேட்டால் தவறான ஊசி வந்து சேரும். நம்மூர் நூல் கடைகளில் இன்னும் பழைய பிரிட்டிஷ் நம்பர் புழங்குகிறது. அதில் 8-ஆம் நம்பர் என்றால் 4 மி.மீ., 6-ஆம் நம்பர் என்றால் 5 மி.மீ. அமெரிக்கக் குறிப்புகளிலோ 6 என்றால் 4 மி.மீ., 8 என்றால் 5 மி.மீ. இரண்டு எண்களும் அப்படியே இடம் மாறிக்கொள்கின்றன. இணையத்தில் கிடைக்கும் டிசைன்களில் பெரும்பகுதி அமெரிக்க எண்ணில் இருப்பதால், அதை எழுதிக்கொண்டு போய்க் கடையில் காட்டினால் ஒரு மி.மீ. தவறிப்போகும். குல்லா குழந்தைக்குப் போதாது, அல்லது தாத்தா கழுத்துவரை இறங்கும்.

நீளத்துக்கு ஒரே விதி: பின்னப்போகும் வளையத்தின் சுற்றளவு, ஊசியின் நீளத்தைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். கண்ணிகள் ஊசிமேல் நெருங்கி உட்காரலாம், அதனால் கெடுதல் இல்லை. இழுபடத்தான் கூடாது. 50 செ.மீ. சுற்றளவுள்ள குல்லாவுக்கு 40 செ.மீ. ஊசி. 90 செ.மீ. மார்புச் சுற்றளவுள்ள ஸ்வெட்டர் உடம்புக்கு 80, அல்லது 60. சட்டைக் கை, காலுறை, குழந்தைக் குல்லா போன்ற சின்ன வளையங்களுக்கு இந்த விதி பொருந்தும் ஊசியே கையில் பிடிக்க வசதிப்படாது. அவற்றுக்குத்தான் மேஜிக் லூப், அதற்கு 80 செ.மீ.க்குக் குறையாத ஊசி. புதிதாகப் பழகுபவர்களுக்கு 100 இன்னும் சுலபம்.

முனைகளைக் கழற்றி மாட்டும் செட் வைத்திருப்பவர்கள் கேபிளை அளந்து பார்த்துக் குழம்ப வேண்டாம். நிட்புரோ நிறுவனத்தின் செட்டில் 60 என்று எழுதிய கேபிள் தனியே சுமார் 35 செ.மீ.தான் இருக்கும். இரண்டு முனைகளும் மாட்டியபின் 60 ஆகும். அந்த முழுநீள முனைகளை வைத்து 40 செ.மீ. வட்டம் கட்ட முடியாது. முனைகளே 25 செ.மீ. அளவுக்கு இடம் எடுத்துக்கொண்டால் மிச்சக் கேபிள் வளைய வழியில்லை. அதற்கென்று குட்டை முனைகள் தனியாக விற்கிறார்கள். அதற்குச் செலவு செய்வதைவிட, 40 செ.மீ.யில் கழற்ற முடியாத ஊசி ஒன்றை வாங்கிவிடுவது மேல். நீலகிரி கேத்தியில் தொடங்கிய போனி என்ற ஊசி பிராண்டிலும் கிடைக்கும், நிட்புரோவிலும் கிடைக்கும்.

முனை எதனால் ஆனது என்பதும் முக்கியம். வழுவழுப்பான ஆக்ரிலிக் நூலை எஃகு ஊசியில் ஏற்றினால் கண்ணிகள் தானாகவே வழுக்கிக் கழன்றுவிடும், முதல் குல்லாவுக்கு மூங்கில் அல்லது மர முனை நல்லது. கை பழகியபின் வேகத்துக்கு உலோகம்.

புது ஊசியின் கேபிள் உறைக்குள் சுருண்டு கிடந்ததால் ஸ்பிரிங் போல் சுற்றிக்கொள்ளும். பிளாஸ்டிக் கேபிளாக இருந்தால் அதை மட்டும் நல்ல வெந்நீரில் அரை நிமிடம் அமிழ்த்தி, எடுத்து நேராக இழுத்துப் பிடித்து ஆறவிடுங்கள், பணிந்துவிடும். மர முனையும் இணைப்பும் நீரில் படக்கூடாது. சுருண்ட கேபிளோடு மல்லுக்கட்டிப் பின்னினால் கண்ணிகள் ஓரிடத்தில் இறுகி ஓரிடத்தில் தளரும், அதைப் பிறகு எந்தக் கழுவலும் சரிசெய்யாது.

தேவையானவை

- டிகே (DK) தடிமன் நூல், அதாவது நடுத்தரத்தைவிடச் சற்று மெல்லியது, 100 கிராம். லேபிளில் 4 மி.மீ. ஊசி, 10 செ.மீ.க்கு 22 கண்ணி என்று போட்டிருக்க வேண்டும். குல்லாவுக்கு 60 முதல் 80 கிராம் வரைதான் ஆகும், மீதி அளவுத்துண்டுக்கு (கண்ணி அளவு பார்க்க முதலில் பின்னும் சோதனைத் துண்டு).
- 3.5 மி.மீ. வட்ட ஊசி, 40 செ.மீ. (அடி ரிப்புக்கு, அதாவது நிட்டும் பர்லும் மாறி மாறி வரும் நெகிழும் பட்டைக்கு)
- 4 மி.மீ. வட்ட ஊசி, 40 செ.மீ. (உடம்புக்கு)
- 4 மி.மீ. வட்ட ஊசி, 80 அல்லது 100 செ.மீ. (உச்சிக்கு)
- மார்க்கர் (இடம் குறிக்க ஊசியில் மாட்டும் வளையம்) 8. அதில் ஒன்று வேறு நிறம். இல்லையென்றால் வேறு நிற நூலில் முடிந்த சின்ன வளையங்கள் போதும்.
- கம்பளி தைக்கும் மொட்டை ஊசி, ஒரு குரோஷா ஊசி, அளவு நாடா

அளவுத்துண்டு: இதைத் தாண்டிப் போகாதீர்கள்

கணக்கைப் பாருங்கள். இந்தக் குல்லாவுக்கு 112 கண்ணி. 10 செ.மீ.க்கு 22 கண்ணி விழுந்தால் சுற்றளவு 51 செ.மீ. வரும். உங்கள் கை சற்றே தளர்வாக இருந்து 20 கண்ணிதான் விழுகிறது என்றால், அதே 112 கண்ணி 56 செ.மீ. ஆகிவிடும். இரண்டே கண்ணி வித்தியாசம், குல்லாவில் 5 செ.மீ. 56 செ.மீ. தலைக்கு 51 செ.மீ. குல்லா கச்சிதமாகப் பிடிக்கும், 56 செ.மீ. குல்லா நெற்றியில் நிற்காமல் கண்ணை மறைக்கும்.

சுற்றில் பின்னும் பொருளுக்கு அளவுத்துண்டையும் சுற்றில் பின்னுவதுபோலவே செய்ய வேண்டும். நேராகத் திருப்பித் திருப்பிப் பின்னும்போது ஒரு வரிசை நிட், மறுவரிசை பர்ல் வருகிறது. பலருக்கு பர்ல் வரிசை நிட்டைவிடத் தளர்வாக விழும். சுற்றில் பின்னும்போது வெறும் நிட் மட்டுமே வருவதால் அந்தத் தளர்வு இல்லாமல் போய், துணி இறுகும். அதனால் 4 மி.மீ. வட்ட ஊசியில் 34 கண்ணி ஏற்றி ஒரு வரிசை நிட் பின்னுங்கள். முடிந்ததும் திருப்பாதீர்கள். கண்ணிகளை அப்படியே கேபிள் வழியாக ஊசியின் மறுமுனைக்குத் தள்ளுங்கள். நூலை முதுகுப்புறமாகத் தளர்வாகக் கொண்டுவந்து மறுபடியும் முதல் கண்ணியிலிருந்து நிட். முதுகில் நீளநீளமாக நூல்கள் தொங்கும், தொங்கட்டும். அவை இறுகினால்தான் துண்டு சுருண்டு அளவு பொய்யாகும்.

12 செ.மீ. உயரம் வந்ததும் கழற்றி, குல்லாவை எப்படிக் கழுவுவீர்களோ அப்படியே கழுவி, காயவைத்து, நடுவில் 10 செ.மீ. அளந்து எண்ணுங்கள். ஓரத்து மூன்று நான்கு கண்ணிகள் கணக்கில் சேராது. 22-க்கு மேல் வந்தால் 4.5 மி.மீ., குறைவாக வந்தால் 3.75 அல்லது 3.5 மி.மீ. எடுத்து இன்னொரு துண்டு. கையை இறுக்கியோ தளர்த்தியோ சரிசெய்யப் பார்க்காதீர்கள், பத்து நிமிடத்தில் கை தன் பழக்கத்துக்கே திரும்பிவிடும்.

வேறு தலைகளுக்கு: தலைச் சுற்றளவில் பத்தில் ஒரு பங்கைக் கழித்து, 2.2 ஆல் பெருக்கி, அருகில் உள்ள 8-இன் மடங்குக்கு வாருங்கள். 52 செ.மீ. தலைக்கு 104, 60 செ.மீ. தலைக்கு 120. 42 செ.மீ. குழந்தைத் தலைக்கு 80 கண்ணி, அதன் சுற்றளவு 36 செ.மீ.தான். 40 செ.மீ. ஊசி அதற்குப் பெரிது, முதல் சுற்றிலிருந்தே மேஜிக் லூப் பிடிக்க வேண்டும்.

கண்ணி ஏற்றுதல்

நீள வால் விட்டு ஏற்றும் லாங் டெய்ல் முறை ரிப்புக்கு நன்றாக நெகிழும். 3.5 மி.மீ. ஊசியில் 113 கண்ணி ஏற்ற வேண்டும், ஒன்று கூடுதலாக. அது இணைப்பதற்கு. வால் சுமார் 2.25 மீட்டர் விடுங்கள். நூலுக்கு நூல் மாறும் என்பதால் உறுதியாகத் தெரிய, நூலை ஊசிமேல் 10 முறை சுற்றி, பிரித்து அளந்து, 11 ஆல் பெருக்கி, மேலே 20 செ.மீ. சேர்த்துக்கொள்ளுங்கள்.

விளிம்பு இறுகி நெற்றியில் பதிகிறது என்று பலர் தடித்த ஊசியில் கண்ணி ஏற்றுவார்கள். அதில் கண்ணியின் உயரம்தான் கூடும், விளிம்பு அவ்வளவாக நெகிழாது. விளிம்பின் நெகிழ்ச்சி அடுத்தடுத்த கண்ணிகளுக்கு நடுவே உள்ள இடைவெளியில் இருக்கிறது. ஒவ்வொரு கண்ணியையும் இறுக்கும் முன் முந்தைய கண்ணியிலிருந்து 2, 3 மி.மீ. தள்ளி விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு இறுக்குங்கள்.

இணைக்கும் இடம்

சுற்றுப் பின்னலில் திரும்பிப் பிரிக்க நேர்வது பெரும்பாலும் இங்கேதான். அவசரப்படாதீர்கள், நல்ல வெளிச்சத்தில் செய்யுங்கள்.

ஊசியை மேசைமேல் வையுங்கள். நூல் உருண்டைக்குப் போகும் நூல் வலது முனையில் இருக்க வேண்டும். கண்ணிகளின் அடியில் ஓடும் முடிச்சு வரிசையைப் பாருங்கள். வட்டம் முழுக்க அது உட்பக்கம் நோக்கியே இருக்க வேண்டும். கேபிள் பகுதியில்தான் அது ஏமாற்றும். மெல்லிய கேபிளைச் சுற்றி முடிச்சு வரிசை ஒரு முறை புரண்டிருக்கும், மேலோட்டமாகப் பார்த்தால் தெரியாது. விரலால் தொட்டுக்கொண்டே ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை போங்கள், புரண்ட இடத்தைத் திருப்பிவிடுங்கள்.

இப்போது வலது முனையில் கடைசியாக ஏற்றிய 113-ஆவது கண்ணியை இடது முனைக்கு மாற்றுங்கள். வலது முனையில் நிறம் மாறிய மார்க்கரைப் போடுங்கள். இடது முனையில் உள்ள அந்தக் கண்ணியையும் அடுத்துள்ள முதல் கண்ணியையும் சேர்த்து ஒரே கண்ணியாக நிட் செய்யுங்கள். 112 ஆகிவிட்டது, வட்டமும் மூடிக்கொண்டது. இதுவே முதல் சுற்றின் முதல் கண்ணி. நூலை நன்றாக இழுத்துவிட்டுத் தொடருங்கள்.

முதல் ஐந்தாறு கண்ணிகள்வரை எந்த நூலில் பின்னுகிறோம் என்பதைக் கவனியுங்கள். வாலும் வேலை நூலும் பக்கம் பக்கமாகத் தொங்கும். வாலைப் பிடித்துப் பின்னிக்கொண்டே போய், பத்துப் பதினைந்து கண்ணியில் நூல் தீர்ந்துபோய் விழிப்பது எல்லோருக்கும் நடப்பது. வாலைச் சின்னதாகச் சுருட்டி ஒரு ஊக்கில் மாட்டிவிட்டால் இந்த வம்பு இல்லை.

முதல் சுற்று முடிந்து மார்க்கர் வந்ததும் நிறுத்தி, முறுக்கு இருக்கிறதா என்று மறுபடி பாருங்கள். இந்த ஓரிடத்தில் இன்னும் மீள வழி உண்டு. மார்க்கருக்கு அடியில் வட்டத்தை ஒரே ஒரு கண்ணிதான் பிடித்திருக்கிறது. துணியை ஊசியைச் சுற்றிப் புரட்டி அந்த முறுக்கை இந்த இணைப்புக்குத் தள்ளிவிடலாம். அடி விளிம்பில் ஒரு நூல் லேசாக முறுக்கிக்கொண்டு நிற்கும், வாலை நுழைத்து மறைக்கும்போது அது கண்ணுக்குப் படாது. இரண்டாவது, மூன்றாவது சுற்று ஏறிவிட்டால் அவ்வளவுதான். முறுக்கு துணிக்குள்ளேயே நிலைத்துவிடும். கழுத்துப்பட்டையாக இருந்தால் முறுக்கோடே அணிபவர்கள் உண்டு. குல்லா என்றால் பிரிக்கத்தான் வேண்டும்.

முறுக்குக்குப் பயந்தவர்களுக்கு ஒரு வழி உண்டு. 113-க்குப் பதில் 112 மட்டும் ஏற்றி, நேர் ஊசியில் பின்னுவதுபோல் ஊசியைத் திருப்பிப் பிடித்து, இணைக்காமல் முதல் வரிசையை 2 நிட் 2 பர்ல் என்று முடித்துவிடுங்கள். கடைசிக் கண்ணி முடிந்ததும் திருப்பாமல், வலது முனையிலிருந்து நேரே இடது முனையின் முதல் கண்ணிக்குத் தாண்டி அங்கே மார்க்கர் போட்டு இணையுங்கள். ஒரு வரிசைத் துணி ஏறியபின் எது மேல், எது கீழ் என்பது பளிச்சென்று தெரியும். அடியில் ஒரு வரிசை உயரத்துக்கு விழும் சின்ன வெட்டை வாலாலேயே இழுத்துத் தைத்துவிடலாம். முதல் குல்லாவுக்கு இதையே பரிந்துரைக்கிறோம்.

ரிப்பும் உடம்பும்

2 நிட், 2 பர்ல் என்று 5 செ.மீ. வரும்வரை சுற்றுங்கள். நெற்றியில் மடித்துவிட வேண்டுமென்றால் 10 செ.மீ. சுற்றுப் பின்னலில் முன்பக்கமே எப்போதும் உங்களைப் பார்த்திருக்கும். அதனால் நிட் மேல் நிட், பர்ல் மேல் பர்ல். கண்ணால் பார்த்தே பின்னலாம், வரிசை எண்ண வேண்டியதில்லை.

ரிப் முடிந்ததும் 4 மி.மீ. ஊசிக்கு மாற வேண்டும். கண்ணிகளை மாற்றி ஏற்ற வேண்டாம். இடது கையில் 3.5 மி.மீ. ஊசி இருக்கட்டும், வலது கையில் 4 மி.மீ. ஊசியைப் பிடித்து அடுத்த சுற்று முழுவதையும் அதில் பின்னி எடுத்தால் கண்ணிகள் தானாகவே புது ஊசிக்கு வந்துவிடும். அந்த ஒரு சுற்றில் நான்கு முனைகள் தொங்கும். பாதியில் பழைய ஊசியின் இன்னொரு முனையை எடுத்துப் பின்னிவிடாதீர்கள். முனை கழற்றும் செட் என்றால் இன்னும் சுலபம். கண்ணியின் அளவைத் தீர்மானிப்பது வலது முனைதான் என்பதால், வலது முனையை மட்டும் 4 மி.மீ. ஆக மாற்றினால் போதும், இடதில் 3.5 இருந்துவிட்டுப் போகட்டும். கண்ணி இறுக்கிப் பின்னுபவர்களுக்கு இது நிரந்தர ஏற்பாடாகவே உதவும்.

இனி வெறும் நிட். எல்லாச் சுற்றும் நிட் பின்னினால் வெளியே வி வடிவங்கள் அடுக்கடுக்காக வரும் சாதாப் பின்னல் கிடைக்கும். நேர் ஊசியில் எல்லா வரிசையும் நிட் பின்னினால் வரும் கார்ட்டர் பின்னல் இங்கே தானாக வராது. அது வேண்டுமென்றால் ஒரு சுற்று நிட், ஒரு சுற்று பர்ல். விளிம்பிலிருந்து 15 செ.மீ. வரும்வரை சுற்றுங்கள், ரிப்பை மடிப்பவர்கள் 20 செ.மீ.

இந்த நீண்ட பகுதியில் மூன்று தவறுகள் வரும்.

முதலாவது, பாதிச் சுற்றில் கீழே வைத்துவிட்டு மறுபடி எடுக்கும்போது எதிர்த்திசையில் பின்னத் தொடங்குவது. வேலை நூல் எப்போதும் வலது கை முனையிலிருந்து வர வேண்டும். இடது முனையில் நூல் தொங்கினால் ஊசியைப் புரட்டிப் பிடித்திருக்கிறீர்கள். கவனிக்காமல் பின்னினால் அந்த இடத்தில் ஓர் ஓட்டை விழும், ஒரு பக்கம் மட்டும் உயரம் ஏறும். முடிந்தவரை மார்க்கரில் நிறுத்தாமல் சுற்றின் நடுவில் நிறுத்துங்கள். நூல் எந்த முனையில் என்று பார்த்து எடுக்கும் பழக்கம் அதில் சீக்கிரம் வரும்.

இரண்டாவது, வட்டத்தின் தூரத்து விளிம்பில் பின்னுவது. முனைகள் உங்களுக்கு அருகில் உள்ள விளிம்பில் இருக்க, துணி கீழே தொங்க, வி வடிவம் வெளிப்பக்கம் தெரிய வேண்டும். முனைகள் எதிர்ப்பக்கம் இருந்தால் குல்லா உள்வெளியாகிக் கிடக்கும். பின்னல் கெடவில்லை. துணியை வட்டத்தின் நடுவழியாகப் புரட்டி எடுத்தால் சரியாகிவிடும்.

மூன்றாவது, முனையும் கேபிளும் சேரும் இடத்தில் கண்ணிகள் சிக்குவது. இறுக்கமாகப் பின்னியிருந்தால் கண்ணிகள் மெல்லிய கேபிளில் இன்னும் சுருங்கி, தடித்த முனைமேல் ஏற மறுக்கும். பத்துப் பத்தாகத் தள்ளாமல் ஐந்தைந்தாக இடது விரலால் ஏற்றுங்கள். கழற்றும் ஊசியில் திருகு தளர்ந்து சந்தில் நூல் மாட்டினாலும் இதே சிக்கல்தான். செட்டோடு வரும் சின்னக் கம்பிச் சாவியைப் போட்டு இறுக்காமல் வெறும் கையால் திருகினால் பாதி வேலையில் முனை கழன்று நாற்பது ஐம்பது கண்ணி ஒரே நேரத்தில் விழும். சில சுற்றுக்கு ஒருமுறை திருகைத் தொட்டுப் பாருங்கள்.

கண்ணி ஒன்று நழுவி ஏணிபோல் கீழே இறங்கினால் பதற்றம் வேண்டாம். முன்பக்கமே உங்களைப் பார்த்திருப்பதால் குரோஷா ஊசியைக் கண்ணிக்குள் விட்டு, ஏணியின் ஒவ்வொரு படியாக மேலே இழுத்து ஊசியில் ஏற்றிவிடலாம்.

கோடு போட்ட குல்லா பின்னுபவர்களுக்கு ஒரு குறிப்பு. சுற்றுப் பின்னல் உண்மையில் வட்டம் அல்ல, மேலேறும் சுருள். அதனால் நிறம் மாறும் இடத்தில் கோடு ஒரு படி தூக்கி நிற்கும். புது நிறத்தில் ஒரு சுற்று முடித்து, இரண்டாம் சுற்றின் முதல் கண்ணியைப் பின்னும் முன், அதற்கு நேர் கீழே உள்ள பழைய நிறக் கண்ணியின் வலது காலைத் தூக்கி இடது முனையில் ஏற்றி, இரண்டையும் சேர்த்து நிட் செய்யுங்கள். படி மறைந்துவிடும்.

உச்சியைக் குறைத்தல்

112 கண்ணியை 14 கண்ணிகள் கொண்ட 8 பிரிவுகளாக்கி, ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரு மார்க்கர். கடைசிப் பிரிவின் முடிவில் நிறம் மாறிய மார்க்கர் ஏற்கெனவே இருக்கிறது.

குறைக்கும் சுற்று: 12 நிட், 2 கண்ணி சேர்த்து நிட், இதை 8 முறை. 104 கண்ணி மிஞ்சும். அடுத்த சுற்று வெறும் நிட். அதற்கடுத்து 11 நிட், 2 சேர்த்து நிட், 96 மிஞ்சும். மறுபடி ஒரு வெறும் சுற்று. இப்படி ஒன்றுவிட்டு ஒரு சுற்றாக 88, 80, 72, 64, 56 என்று இறங்குங்கள். 56-க்குப் பின் வரும் வெறும் சுற்றோடு இடைச் சுற்று நிற்கிறது. இனி எல்லாச் சுற்றிலும் குறைப்பு: 48, 40, 32, 24, 16. கடைசிச் சுற்றில் எல்லாவற்றையும் இரண்டிரண்டாகச் சேர்த்தால் 8. மொத்தம் 20 சுற்று, 7 செ.மீ.க்குச் சற்றுக் குறைவான உயரம். மார்க்கரைப் பார்த்தே பின்னலாம், எண்ண வேண்டாம்: மார்க்கருக்கு முன் இரண்டு கண்ணி மிஞ்சும்போது சேர்த்துப் பின்னுங்கள்.

104 கண்ணிக் குல்லா என்றால் 11 நிட்டில் தொடங்குங்கள், 120 என்றால் 13 நிட்டில்.

80 கண்ணி வாக்கில் 40 செ.மீ. ஊசி இழுக்கத் தொடங்கும். அப்போது பலவந்தப்படுத்தாமல் நீள ஊசிக்கு மாறுங்கள்.

மேஜிக் லூப்

ஒரு வெறும் சுற்றில், வலது கையில் 100 செ.மீ. ஊசியைப் பிடித்து முதல் நான்கு பிரிவுகளைப் பின்னி எடுங்கள். பிறகு அந்தக் கண்ணிகளைக் கேபிளில் தள்ளிவிட்டு, கேபிளை ஒரு வளையமாக வெளியே இழுத்து, மீதி நான்கு பிரிவுகளையும் அதே ஊசியில் பின்னுங்கள். இப்போது 40 கண்ணி முன்னால், 40 கண்ணி பின்னால், இடது பக்கம் கேபிள் வளையம் நீட்டிக்கொண்டிருக்கும். இரண்டு முனைகளும் வலது பக்கம் பார்த்து ஒன்றன்பின் ஒன்றாக இருக்கும். வேலை நூல் பின்பக்கக் கண்ணிகளின் வலது ஓரத்திலிருந்து வரும். அது முன்பக்கத்திலிருந்து வந்தால் துணியைத் திருப்பிப் பிடித்திருக்கிறீர்கள்.

பின் முனையை வலது பக்கமாக ஒரு சாண் வெளியே இழுங்கள், பின்பக்கக் கண்ணிகள் கேபிளில் இறங்கிவிடும். இடது வளையம் முழுவதும் உள்ளே போய்விடாமல் கொஞ்சம் விட்டுவையுங்கள். இழுத்த முனையால் முன்பக்கக் கண்ணிகளைப் பின்னுங்கள். முடிந்ததும் துணியைத் திருப்பி, கேபிளில் காத்திருக்கும் கண்ணிகளை அருகிலுள்ள முனைமேல் தள்ளி, இப்போது பின்னி முடித்த முனையை இழுத்து, மறுபடி அதே வேலை. இரண்டு பாதிகள் சேர்ந்தது ஒரு சுற்று.

ஒவ்வொரு பாதியின் தொடக்கத்திலும் நூல் பின்முனைக்கு அடியில், பின்னால் இருக்க வேண்டும். ஊசியின் மேலாக வந்துவிட்டால் ஒரு கண்ணி கூடிவிடும். குறைத்தபின்னும் எண்ணிக்கை ஒன்று அதிகமாக வருகிறது என்றால் முதலில் இந்த இடத்தைப் பாருங்கள்.

பாதிகள் பிரியும் இரண்டு இடங்களிலும் ஏணிபோல் நீளவாக்கில் தளர்வு விழுவதுதான் மேஜிக் லூப்பின் பெரிய குறை. முதல் கண்ணியை எவ்வளவு இறுக்கினாலும், அடுத்த கண்ணிக்கு ஊசியை நுழைக்கும்போது அது மறுபடி தளர்ந்துவிடும். எனவே முதல் கண்ணியை இயல்பாகப் பின்னி, இரண்டாவது கண்ணிக்குள் ஊசியை நுழைத்தபின் நூலை இழுத்து இறுக்குங்கள். அப்போது இறுக்கம் நிற்கும். கேபிள் விறைப்பாக இருந்தாலும் ஏணி விழும், வெந்நீர் வைத்தியம் இதற்கும்தான்.

மூடுதலும் கழுவலும்

8 கண்ணி மிஞ்சியதும் நூலை 25 செ.மீ. விட்டு வெட்டி, மொட்டை ஊசியில் கோத்து, எட்டுக் கண்ணிகளுக்குள்ளும் இரண்டு சுற்று ஓட்டுங்கள். ஒரே சுற்று ஓட்டினால் நாளடைவில் உச்சி திறந்துகொள்ளும். ஊசியை உருவி, நூலை இழுத்து மூடி, நடுவில் குத்தி உள்ளே கொண்டுபோய் மூன்று நான்கு திசையில் ஓட்டி வெட்டுங்கள். அடி வாலை, இணைப்பில் உள்ள சின்னப் படியை மூடும்படி முதல் கண்ணிக்கும் கடைசிக் கண்ணிக்கும் பாலம் போல் ஒரு தையல் போட்டுவிட்டு, ரிப்பின் ஒரு நிட் நிரலோடு மேல்நோக்கி ஓட்டினால் நெகிழ்ச்சி கெடாது.

கம்பளி நூலானால் வெதுவெதுப்பான நீரில் 15, 20 நிமிடம் ஊறவைத்து, முறுக்கிப் பிழியாமல் துண்டில் சுருட்டி அழுத்தி ஈரம் எடுங்கள். தலை அளவுக்குச் சற்றுச் சின்னதாக ஊதிய பலூனையோ ஒரு கிண்ணத்தையோ உள்ளே வைத்து நிழலில் காயவையுங்கள். ரிப்பை மட்டும் இழுத்து விரிக்காமல் சுருங்கிய நிலையிலேயே விடுங்கள். நம் கடைகளில் கிடைப்பதில் பெரும்பங்கு ஆக்ரிலிக், அல்லது ஆக்ரிலிக் கலந்தது. லேபிளைப் பாருங்கள். ஆக்ரிலிக்கில் இஸ்திரிப்பெட்டியையும் சூடான ஆவியையும் காட்டவே கூடாது. வெப்பத்தில் இழை தளர்ந்து ரிப் மறுபடி சுருங்காமல் போய்விடும், அதை மீட்க வழி கிடையாது. சாதாரண நீரில் அலசிக் காயவைத்தால் போதும்.